போனில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்துவது எப்படி? ஆப், சிஸ்டம் இரண்டுக்குமான முழுமையான வழிகாட்டி

"பிளே ஸ்டோர்ல ஆஃப் பண்ணிட்டேனே, அப்புறமும் காலையில பார்த்தா என்னென்னவோ அப்டேட் ஆகியிருக்கே?" இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள்தான் அதிகம். விஷயம் என்னவென்றால், தானாக அப்டேட் செய்யும் வேலை போனில் ஒரே இடத்தில் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் குறைந்தது நான்கு இடங்களில் இருக்கிறது. கூகுளின் பிளே ஸ்டோர் ஒன்று. போன் கம்பெனி தன் பங்குக்கு வைத்திருக்கும் ஸ்டோர் இன்னொன்று. ஆண்ட்ராய்டையே மாற்றுகிற சிஸ்டம் அப்டேட் மூன்றாவது. யாரையும் கேட்காமல் பின்னணியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூகுள் பிளே சர்வீசஸ் வகையறா நான்காவது. பலர் முதலாவதை மட்டும் அணைத்துவிட்டு வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள்.

முதல் மூன்றும் பெரும்பாலும் உங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். நான்காவது வராது, வரவைக்க முயலவும் வேண்டாம். ஏன் என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

மெனு பெயர்களைப் பற்றி முதலிலேயே ஒன்று. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல், பெயர்கள் கொஞ்சம் மாறும். போனின் மொழியைத் தமிழில் வைத்திருந்தால் செட்டிங்ஸ் என்பது 'அமைப்புகள்' என்று இருக்கும், உள்ளே இருப்பவையும் தமிழில்தான் வரும். சொன்ன பெயர் அப்படியே இல்லையென்றால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'அப்டேட்' என்று தேடுங்கள், பெரும்பாலும் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

1. உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அப்டேட்டை நிறுத்த நினைப்பவர்கள் இரண்டு வகை. டேட்டா போகக் கூடாது என்பவர்கள் ஒரு வகை. நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று அளந்து கொடுக்கும் ரீசார்ஜில் ஓட்டுகிறவர்களுக்கு இது நியாயமான கவலைதான். அளவு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதற்குமேல் அந்த நாளில் ஒரு படம்கூட ஒழுங்காகத் திறக்காது. இன்னொரு வகையினர், பழகிய ஆப்பும் போனின் தோற்றமும் சொல்லாமல் மாறக் கூடாது என்பவர்கள்; பழைய போனில் இடமில்லை, புது வெர்ஷன் போட்டால் மந்தமாகிவிடும் என்று பயப்படுகிறவர்களும் இதில் அடக்கம்.

நீங்கள் முதல் வகை என்றால், வீட்டில் வைஃபையும் இருந்தால், எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. கீழே 'நிறுத்து' என்று சொல்லும் இடங்களில் 'வைஃபையில் மட்டும்' என்பதைத் தேர்வு செய்தால் போதும், பாதி தலைவலி மிச்சம். இரண்டாம் வகை என்றால் முழுவதும் செய்யுங்கள். இதை முடிவு செய்யாமல் ஆரம்பிப்பவர்கள் ஓரிடத்தில் வைஃபை என்றும் இன்னோரிடத்தில் நிறுத்து என்றும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, பிறகு எது எப்படி இருக்கிறதென்று தெரியாமல் குழம்புவார்கள்.

2. தொடங்கும் முன் வேண்டியவை

போன் லாக்கைத் திறக்கும் பின் நம்பர் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சில இடங்களில் கேட்கும். அப்பா அம்மாவின் போனை வாங்கிச் செய்கிறீர்கள் என்றால் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் போய்க் கேட்டால் அவர்களுக்கே மறந்திருக்கும்.

அடுத்து, செட்டிங்ஸில் அபௌட் போன் பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு வெர்ஷன் எது, செக்யூரிட்டி அப்டேட் தேதி எது என்று பார்த்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பிறகு "நிறுத்தினேன், ஆனாலும் மாறிவிட்டதோ?" என்ற சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி கிடையாது.

கடைசியாக, வைஃபையை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காரணம் இருக்கிறது: பிளே ஸ்டோர் பொதுவாக ஆப்களைத் தானாக அப்டேட் செய்வது போன் வைஃபையில் இருந்து, சார்ஜில் கிடந்து, யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதுதான். அதனால்தான் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நடக்கிறது. சார்ஜரையும் கழற்றிவிட்டு கையில் வைத்து வேலை செய்தால், நீங்கள் ஒன்றை அணைக்கும்போதே இன்னொன்று பின்னால் இறங்கும் வாய்ப்பு குறையும்.

3. ஏற்கெனவே வரிசையில் நிற்பதை ரத்து செய்யுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. ஆட்டோ அப்டேட்டை அணைப்பது இனிமேல் வரப்போவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பாதி இறங்கி 'பெண்டிங்' என்று நிற்பது, அடுத்த முறை வைஃபை கிடைத்ததும் தொடரக்கூடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "ஆஃப் செய்தும் வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல்மூலையில் உங்கள் படம் இருக்கும் வட்டத்தைத் தட்டி, மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ் என்பதற்குள் போங்கள். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே தெரியும், ரத்து செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தைப் பாருங்கள். டவுன்லோட் ஓடிக்கொண்டிருந்தால் பாஸ் செய்யுங்கள். முழுதாக இறங்கி 'இன்ஸ்டால்' என்று கேட்டுக்கொண்டு நின்றால் கொஞ்சம் கவனம்: அந்த அறிவிப்பை அவசரத்தில் தட்டிவிடாதீர்கள், அதில் 'இரவில் இன்ஸ்டால் செய்' என்ற மாதிரி ஒரு பொத்தான் இருந்தால் அதையும் தொடாதீர்கள். பெரியவர்கள் போனில் நடக்கும் தற்செயல் அப்டேட்டுகளில் நிறைய இப்படித்தான், திரையை மறைத்துக்கொண்டு ஒன்று வந்தது, போகட்டுமே என்று எதையோ தட்டினார்கள், அவ்வளவுதான்.

4. சிஸ்டம் அப்டேட்டை முதலில் நிறுத்துங்கள்

பலர் பிளே ஸ்டோரில் தொடங்குவார்கள். நான் சிஸ்டத்தில் தொடங்கச் சொல்வேன். ஆப் ஒன்று தெரியாமல் அப்டேட் ஆகிவிட்டால் கொஞ்சம் எரிச்சல், அதோடு சரி. சிஸ்டம் அப்டேட் ஆகிவிட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது சாதாரண ஆட்களுக்கு ஆகிற காரியமில்லை: முடிந்தாலும் போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், பல போன்களில் பழைய வெர்ஷனை ஏற்கவே விடாத பூட்டும் இருக்கிறது. திரும்பி வர முடியாததை முதலில் அடைத்துவிட வேண்டும். பெரிய வெர்ஷன் அப்டேட் என்றால் 2 ஜிபிக்கு மேலும் போகும், டேட்டா கணக்கிலும் இதுதான் பெரிய முதலை.

சாம்சங்: செட்டிங்ஸின் கீழ்ப்பகுதியில் சாஃப்ட்வேர் அப்டேட். அதற்குள் 'ஆட்டோ டவுன்லோட் ஓவர் வைஃபை' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். மேலே இருக்கும் 'டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்' என்பதைத் தட்டக் கூடாது. அது சுவிட்ச் இல்லை, தேடத் தொடங்கிவிடும். புதிதாகச் செய்பவர்கள் ஆர்வத்தில் முதலில் தட்டுவது அதைத்தான்.

ஷாவ்மி, ரெட்மி, போக்கோ: செட்டிங்ஸில் அபௌட் போன், அங்கே மேலே தெரியும் ஹைப்பர்ஓஎஸ் அல்லது எம்ஐயுஐ கட்டத்தைத் தட்டுங்கள். அப்டேட் பக்கம் திறக்கும். மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளுக்குள் அப்டேட் செட்டிங்ஸ். அங்கே தானாக டவுன்லோட் செய்வதற்கு ஒன்று, இரவில் தானாக அப்டேட் செய்வதற்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இரண்டையும் அணைக்க வேண்டும்.

ரியல்மி, ஓப்போ, ஒன்பிளஸ்: இவை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. செட்டிங்ஸில் அபௌட் டிவைஸ், அல்லது சிஸ்டம் பகுதிக்குள் சாஃப்ட்வேர் அப்டேட். அந்தப் பக்கத்தின் மூலையில் மூன்று புள்ளியோ பல்சக்கரமோ இருக்கும். அதற்குள் வைஃபையில் தானாக டவுன்லோட், இரவில் தானாக இன்ஸ்டால் என்று இரண்டு. ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள்.

விவோ, ஐக்யூ: செட்டிங்ஸில் சிஸ்டம் அப்டேட், மூலையில் இருக்கும் செட்டிங்ஸ் அடையாளத்துக்குள் இதே இரண்டும் வேறு பெயர்களில் இருக்கும்.

டவுன்லோடையும் இன்ஸ்டாலையும் ஏன் தனித்தனியாக அணைக்க வேண்டும்? டவுன்லோடை மட்டும் விட்டுவைத்தால் ஃபைல் இறங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும், தினமும் அறிவிப்பு வந்து தொந்தரவு செய்யும், ஒரு நாள் கை தவறித் தட்டுவீர்கள். இன்ஸ்டாலை மட்டும் விட்டுவைத்தால் ஏற்கெனவே இறங்கிக் கிடப்பது இரவில் ஏறிவிடும்.

5. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்: வேண்டுமானால் மட்டும்

கூகுள் பிக்சல் போன்ற சில போன்களில் மேலே சொன்ன மாதிரி வெளிப்படையான சுவிட்ச் கிடையாது. நீங்கள் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் புது வெர்ஷன் இன்னொரு பகுதியில் ஏறிவிடும், ரீஸ்டார்ட் செய்தால் புதிதில் எழுந்திருக்கும். இந்த மாதிரி போன்களுக்கு, ஆப் எழுதுபவர்களுக்கென்று மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதி வழியாகத்தான் போக வேண்டும்.

அபௌட் போனில் பில்ட் நம்பர் என்பதை 7 முறை தட்டினால் அந்தப் பகுதி திறக்கும். (சாம்சங்கில் அபௌட் போனுக்குள் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனில் பில்ட் நம்பர் இருக்கும். ஷாவ்மியில் பில்ட் நம்பருக்குப் பதில் எம்ஐயுஐ அல்லது ஓஎஸ் வெர்ஷனைத் தட்ட வேண்டும்.) பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். அதன் கீழேயே சின்ன எழுத்தில், போன் ரீஸ்டார்ட் ஆகும்போது அப்டேட்டை ஏற்றும் என்று எழுதியிருக்கும். நாம் தடுப்பது அதைத்தான், டவுன்லோடை அல்ல. ஆகவே படி 4 செய்ய முடிகிற போன்களில் இதை மட்டும் செய்துவிட்டு அதை விடுவது தப்பு.

இதில் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆன் ஆகியிருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும், பாதுகாப்பில்லை என்று சொல்லி மூடிவிடும். அப்படி வந்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸை மேலே இருக்கும் பெரிய சுவிட்ச் மூலம் அணைக்க வேண்டியதுதான், ஆனால் அணைத்தால் உள்ளே மாற்றியவை பல பழையபடி ஆகிவிடும். வங்கி ஆப் முக்கியமா, இந்தச் சுவிட்ச் முக்கியமா என்றால் எனக்கு வங்கி ஆப்தான். பெரியவர்கள் போனில் இந்தப் பகுதியைத் திறக்கவே வேண்டாம், உள்ளே இருப்பது எல்லாமே தெரியாமல் தொட்டால் வம்பு தருகிறவை.

6. பிளே ஸ்டோர்

இங்கே குழப்பம் அதிகம் என்பதால் மெதுவாகப் போகலாம்.

பிளே ஸ்டோரில் மேல்மூலை வட்டம், பிறகு செட்டிங்ஸ், அதற்குள் நெட்வொர்க் பிரிஃபரன்சஸ். விரித்தால் மூன்று வரிகள் வரும்: ஆப் டவுன்லோட் பிரிஃபரன்ஸ், ஆட்டோ அப்டேட் ஆப்ஸ், ஆட்டோ பிளே வீடியோஸ். நமக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவதைத் தட்டி 'வைஃபை மட்டும்' என்று வைத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். அது நீங்கள் கையால் டவுன்லோட் செய்யும்போது எந்த நெட்டைப் பயன்படுத்துவது என்பதற்கான செட்டிங், ஆட்டோ அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆட்டோ அப்டேட் ஆப்ஸைத் தட்டி, கடைசியில் இருக்கும் 'டோன்ட் ஆட்டோ அப்டேட் ஆப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். ஓகே கொடுக்காமல் பின்னால் வந்தால் மாற்றம் சேமிக்கப்படாது. ஒருமுறை மறுபடி உள்ளே போய் அந்த வரியின் கீழே புதிய தேர்வு தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, எல்லா ஆப்பையும் நிறுத்த வேண்டாம், இரண்டு மூன்று மட்டும் பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்றால்? அப்போது மேலே சொன்னதை 'வைஃபையில் மட்டும்' என்று விட்டுவிட்டு, அந்தந்த ஆப்பின் பக்கத்துக்குப் பிளே ஸ்டோரில் போய், மேல்மூலை மூன்று புள்ளிகளைத் தட்டி, 'எனேபிள் ஆட்டோ அப்டேட்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் அப்டேட் ஆகும், இல்லாவிட்டால் ஆகாது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, டிக் இல்லாத ஆப்பில் டிக் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருத்தம். ஐம்பது ஆப்பையும் கையால் பார்த்துக்கொள்ள யாருக்கும் பொறுமை இருக்காது. உங்களுக்குப் பிடித்த பழைய மியூசிக் பிளேயரோ, தோற்றம் மாறினால் தொல்லை தரும் கணக்கு ஆப்போ, அவற்றை மட்டும் தனியாக நிறுத்தினால் மற்றவை வழக்கம்போல் ஓடும்.

7. போன் கம்பெனியின் ஸ்டோர்

தவறவிடப்படும் இடங்களில் இதுதான் முதல். பிளே ஸ்டோரில் அணைத்த பிறகும் கேமரா, கேலரி, கால்குலேட்டர், கீபோர்டு போன்றவை மாறிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் அவை கம்பெனியின் சொந்த ஆப்கள், கம்பெனியின் ஸ்டோர் வழியாகவே வரும்.

சாம்சங்கில் கேலக்ஸி ஸ்டோரைத் திறந்து, கீழே மெனு, மேலே பல்சக்கரம், அங்கே ஆட்டோ அப்டேட் ஆப்ஸ் என்பதை 'நெவர்' என்று வையுங்கள். ஷாவ்மியில் கெட்ஆப்ஸ் (2025 முதல் இந்தியாவில் அதற்குப் பதில் இண்டஸ் ஆப்ஸ்டோர்) ஒன்று; அதோடு செட்டிங்ஸின் ஆப்ஸ் பகுதியில் 'சிஸ்டம் ஆப் அப்டேட்டர்' என்று இன்னொன்றும் தனியாக இருக்கும், இரண்டின் செட்டிங்ஸையும் பாருங்கள். ரியல்மி, ஓப்போவில் ஆப் மார்க்கெட். விவோவில் வி-ஆப்ஸ்டோர். எதுவானாலும் உள்ளே 'மை' அல்லது 'மீ' பகுதிக்குள் செட்டிங்ஸ் இருக்கும், அதில் ஆட்டோ அப்டேட் வரியை அணையுங்கள்.

இந்த ஸ்டோர்களை முதல்முறை திறக்கும்போது நிபந்தனைகளை ஏற்கச் சொல்லும், சில சமயம் 'பரிந்துரைக்கும் ஆப்களை இன்ஸ்டால் செய்யவா' என்று டிக் போட்ட பட்டியல் ஒன்றும் நீட்டும். அந்த டிக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு உள்ளே போங்கள். அப்டேட்டை நிறுத்தப் போய் நான்கு கேம்களை ஏற்றிக்கொண்டு வந்த கதையாகிவிடக் கூடாது.

ஃபேஸ்புக் போனோடு வந்திருந்தால் இன்னும் ஒரு இடம் உண்டு. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் 'மெட்டா ஆப் மேனேஜர்' என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். பிளே ஸ்டோரைச் சாராமல் ஃபேஸ்புக் ஆப்களை அப்டேட் செய்ய வைத்திருப்பது அது. அதற்கு ஐகான் கிடையாது, அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. அதன் செட்டிங்ஸில் ஆட்டோ அப்டேட்டை அணைக்கலாம், ஃபேஸ்புக்கே பயன்படுத்தாதவர்கள் அதை 'டிஸேபிள்' செய்துவிடலாம்.

8. நிறுத்த முடியாதவை, நிறுத்தக் கூடாதவை

கூகுள் பிளே சர்வீசஸ் தானாகவே அப்டேட் ஆகும். பிளே ஸ்டோரும் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும். ஆண்ட்ராய்டு 10 முதல், அதாவது 2019இலிருந்து, 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று ஒன்று வந்தது; போன் கம்பெனி அப்டேட் அனுப்பக் காத்திருக்காமல் ஆண்ட்ராய்டின் சில பாகங்களைக் கூகுளே நேரடியாக மாற்றும் ஏற்பாடு அது. ரீஸ்டார்ட் செய்யும்போது ஏறும். இதற்கென்று சாதாரண செட்டிங்ஸில் சுவிட்ச் கிடையாது.

பிளே சர்வீசஸை டிஸேபிள் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. செய்யாதீர்கள். வாட்ஸ்அப் மெசேஜ் வந்ததென்று போன் சத்தம் போடுவது முதல், மேப்பில் இடம் காட்டுவது, கூகுள் கணக்கில் உள்ளே போவது வரை பல ஆப்கள் அதை நம்பித்தான் நிற்கின்றன. அதை அணைத்துவிட்டு "போன் ரிப்பேர், அறிவிப்பே வரவில்லை" என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டிக் கமாண்ட் கொடுத்துச் சிஸ்டம் அப்டேட் ஆப்பையே நீக்கும் வழியும் அப்படித்தான்: இன்று நிம்மதி, நாளை உங்களுக்கே அப்டேட் வேண்டும் என்று தோன்றும்போது அந்தப் பக்கமே திறக்காது.

அப்டேட் ஆனதால் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில் ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற ஒரு பாகத்துக்கு வந்த அப்டேட்டால் ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் உலகம் முழுக்கத் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. அப்போது கைகொடுத்த தற்காலிக வழி இன்றும் பயன்படும்: போனோடு வந்த ஆப் என்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ், அந்த ஆப், மேல்மூலை மூன்று புள்ளிகள், 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. போன் வாங்கியபோது இருந்த வெர்ஷனுக்குப் போய்விடும். நீங்களாக ஏற்றிய ஆப்புக்கு இந்த வசதி கிடையாது, பிளே ஸ்டோர் பழைய வெர்ஷனைத் தராது. பழைய வெர்ஷன் வேண்டுமென்று வேறு தளங்களில் ஏபிகே (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) தேடிப் போவது, அதுவும் பணம் புழங்கும் ஆப்புக்கு, வேண்டாத வேலை.

9. ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள்

'வைஃபையில் மட்டும்' என்று வைத்தவர்களுக்கு இது அவசியம். பக்கத்து போனின் ஹாட்ஸ்பாட்டும் உங்கள் போனுக்கு வைஃபைதான். பல ஆண்ட்ராய்டு போன்கள் ஹாட்ஸ்பாட்டை அடையாளம் கண்டு அடக்கி வாசிக்கும், ஆனால் எல்லா நேரமும் அப்படி நடக்கும் என்று நம்பி நண்பரின் டேட்டாவைக் காலி செய்யக் கூடாது.

அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைந்த பிறகு, வைஃபை பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தட்டி, நெட்வொர்க் யூசேஜ் அல்லது மீட்டர்ட் நெட்வொர்க் என்பதைத் தேடி 'ட்ரீட் அஸ் மீட்டர்ட்' என்று வையுங்கள். இது அளந்து கொடுக்கும் நெட் என்று போனுக்குச் சொல்வதுதான் இதன் வேலை. தானாக நடக்கும் டவுன்லோட்கள் ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். சிம் போட்டு வைஃபை தரும் டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

10. ஐபோன்

இங்கே வேலை கம்மி, இரண்டே இடங்கள்.

ஆப்களுக்கு: செட்டிங்ஸில் ஆப் ஸ்டோர் (ஐஓஎஸ் 18 முதல் இது கீழே 'ஆப்ஸ்' என்ற தொகுப்புக்குள் போய்விட்டது). அங்கே 'ஆப் அப்டேட்ஸ்' சுவிட்சை அணையுங்கள். அதன் மேலே இருக்கும் 'ஆப் டவுன்லோட்ஸ்' வேறு. உங்கள் ஐபேடில் ஏற்றிய ஆப் ஐபோனிலும் தானாக இறங்குவது அதனால்தான்.

சிஸ்டத்துக்கு: செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட், ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ். அங்கே இன்ஸ்டால், டவுன்லோட் இரண்டிலும் ஐஓஎஸ் அப்டேட்ஸை அணையுங்கள். செக்யூரிட்டி தொடர்பானது தனிச் சுவிட்சாக இருந்தால் அதை ஆன் ஆகவே விட்டுவிடச் சொல்வேன். அது போனின் தோற்றத்தை மாற்றுவதில்லை, ஓட்டைகளை அடைக்கிறது. ஏற்கெனவே இறங்கிக் கிடக்கும் அப்டேட்டைத் தூக்க, ஜெனரலில் ஐபோன் ஸ்டோரேஜ், பட்டியலில் ஐஓஎஸ் பெயரோடு இருப்பதைத் தட்டி 'டிலீட் அப்டேட்'. அணைக்கும் முன் இதைச் செய்தால் மறுபடி இறங்கிவிடும், ஆகவே சுவிட்ச் முதலில், டிலீட் பிறகு.

11. நிஜமாகவே நின்றதா என்று பாருங்கள்

அன்றைக்கே தெரியாது. பிளே ஸ்டோர் பொதுவாக நாளுக்கு ஒருமுறைதான் புது அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கும். ஆகவே ஓரிரு இரவுகள் வைஃபையில், சார்ஜில் போட்டு வையுங்கள், அதுதான் சரியான சோதனை. பிறகு மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸில் 'அப்டேட்ஸ் அவைலபிள்' என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். எண்ணிக்கை ஏறாமலே இருந்தால் ஏதோ ஒன்று இன்னும் அப்டேட் செய்துகொண்டிருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க, செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் பகுதியில் ஆப் வாரியாகப் பாருங்கள், வைஃபை கணக்கு தனியாக இருக்கும். பிளே ஸ்டோர் நூற்றுக்கணக்கான எம்பி எடுத்திருந்தால் படி 6, கம்பெனி ஸ்டோர் என்றால் படி 7. அபௌட் போனில் செக்யூரிட்டி தேதி நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதிலிருந்து மாறியிருந்தால் படி 4இல் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிளே சர்வீசஸ் கொஞ்சம் எடுத்திருந்தால் அது இயல்பு, விட்டுவிடுங்கள்.

12. இனி கையால் அப்டேட் செய்வது

ஆட்டோ அப்டேட்டை நிறுத்தியவர் மாதத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை என்றால், அதை நிறுத்தாமல் இருப்பதே மேல் என்பேன். அப்பா போனில் நிறுத்திக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால் அடுத்த தீபாவளி வரை அது அப்படியே கிடக்கும். அவர் போனில் 'வைஃபையில் மட்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாத ரீசார்ஜ் செய்யும் நாளோடு இதைச் சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. பிளே ஸ்டோரில் 'அப்டேட் ஆல்' கொடுக்காமல் பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுங்கள். முதலில் குரோம், வெப்வியூ. இணையத்தில் கண்ட கண்ட பக்கத்தையும் திறப்பது இவைதான், ஓட்டை இருந்தால் முதலில் அடிபடுவதும் இவைதான். அடுத்து வங்கி, யுபிஐ ஆப்கள். இவற்றில் பழைய வெர்ஷனை ஒரு நாள் திடீரென்று ஏற்க மாட்டார்கள். கடையில் பில் போட்டுவிட்டு ஸ்கேன் செய்ய நிற்கும்போது 'அப்டேட் செய்தால்தான் தொடரலாம்' என்று வந்தால், அங்கே சிக்னலும் இல்லையென்றால், பின்னால் நிற்கும் வரிசைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு வாட்ஸ்அப். அதுவும் ரொம்பப் பழையதானால் காலாவதி என்று சொல்லி நின்றுவிடும். தவிர, 2019 மே மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு வந்தாலே போதும், எடுக்காவிட்டாலும் உளவு மென்பொருள் ஏறக்கூடிய ஓட்டை வெளியே தெரிந்தது. அதற்கான தீர்வு வந்தது அப்டேட்டாகத்தான். மற்ற கேம், ஷாப்பிங் ஆப்களை உங்கள் இஷ்டத்துக்கு விடலாம்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் ஆண்ட்ராய்டு, குரோம் பற்றி அவ்வப்போது எச்சரிக்கை விடும், செய்திகளில் வரும். உங்கள் ஆண்ட்ராய்டு வெர்ஷன் அதில் இருந்தால் ரீசார்ஜ் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

சிஸ்டம் அப்டேட்டைப் பொறுத்தவரை, மாதாந்திரச் செக்யூரிட்டி அப்டேட் சின்னது, அதைப் போட்டுவிடலாம். ஆண்ட்ராய்டு வெர்ஷனே மாறும் பெரிய அப்டேட்தான் யோசிக்க வேண்டியது. வந்த முதல் நாளே போடாமல் இரண்டு மூன்று வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். போடும் முன் போட்டோக்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுங்கள், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், ஃபைலின் அளவைப் போல இரண்டு மடங்காவது இடம் காலி செய்துகொள்ளுங்கள்.

போனை ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ, புதுப் போனுக்கு மாறினாலோ இவை எல்லாம் பழையபடி ஆன் ஆகிவிடும். புதுப் போனை முதல்முறை வைஃபையில் இணைத்ததுமே பட்டியலாக இறக்கத் தொடங்கும். அங்கேயும் படி 3இலிருந்து ஆரம்பியுங்கள்.